பிடித்த மீனை விடுவதா, கறிக்கு எடுப்பதா: அந்தமான் போகும் முன் போட்ட கணக்கு

வரும் பிப்ரவரியில் நாங்கள் ஐந்து பேர் அந்தமானுக்குத் தூண்டில் போடப் போகிறோம். கடலூர் முதுநகரிலிருந்து மூன்று பேர், புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து இரண்டு பேர். டிக்கெட் எடுத்தாயிற்று, விடுப்பும் சொல்லியாயிற்று. படகு பேசும்போதுதான் சிக்கல் வந்தது.

இரண்டு படகுகள் அமைந்தன. ஒன்று, விளையாட்டு மீன்பிடிப்புக்கென்றே ஓடுகிற படகு. பெரிய பாறை மீனைக் குறிவைத்துப் போவார்கள். பிடிக்கிற மீனை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும், அது அவர்களுடைய நிபந்தனை. இன்னொன்று, இரண்டு தலைமுறையாக அங்கேயே இருக்கிற ஒரு தமிழ்க் குடும்பத்தின் டிங்கி. பிடிப்பதில் நமக்கு வேண்டியதைச் சமைத்துத் தருவார்கள், மிஞ்சியது அவர்கள் சந்தைக்குப் போகும். எங்களில் இரண்டு பேர் முதல் படகுக்கு, இரண்டு பேர் இரண்டாவதற்கு. ஐந்தாவது ஆள் நான். நான் சொல்வதை வைத்துத்தான் முன்பணம் அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டது. அதனால் ஒரு மாதமாக இதையே படித்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்தேன்.

முதலில் சோனாங்குப்பத்தில் இருக்கிற என் கூட்டாளியின் அப்பாவிடம் கேட்டேன். ஐம்பது வருஷம் கடலில் இருந்தவர், நாங்கள் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். "ஏம்பா, வுடறதுக்கு எதுக்குப் புடிக்கணும்? வாயில முள்ள மாட்டி அரை மணி நேரம் இழுத்துட்டு, அப்புறம் போய்ட்டு வான்னா அது எங்க போவும்? கறிக்குப் புடி. வாணாம்னா கிட்டயே போவாத" என்றார். முதலியார்பேட்டை நண்பரிடம் இதைச் சொன்னேன். "அவர் சொல்றது நம்ம கரைக்குச் சரி. ஒரு பெரிய பாறை வளர எத்தனை வருஷம் ஆகுது? ஒரு தீவைச் சுத்தி எத்தனை இருக்கும்? வர்ற ஆள் எல்லாம் ஆளுக்கு ரெண்டு தூக்கிட்டுப் போனா அப்புறம் அங்க என்ன மிஞ்சும்?" என்று கேட்டார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

தீவு என்பதால்தான் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. நம் கரையில் தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, வெள்ளாறு என்று வரிசையாக முகத்துவாரங்கள் இருக்கின்றன. சேறும் சத்தும் கடலில் கலந்துகொண்டே இருக்கும், மத்தியும் காரப்பொடியும் கூட்டம் கூட்டமாக வரும். பவளப்பார் சூழ்ந்த தீவில் அப்படியில்லை. நீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், அந்தத் தெளிவே அதில் சத்து குறைவு என்பதற்கு அடையாளம். பாரின் விளிம்பில் சுற்றுகிற பெரிய மீன்கள் எண்ணிக்கையில் குறைவு. அதில் பத்தை எடுத்தால் அந்த இடத்தில் தெரியும். தீவில் வாழ்கிறவர்களுக்கோ அந்த மீன்தான் சோறு. விளையாட்டுக்கு வருகிறவன் 'விட்டுவிடு' என்கிறான், வீட்டுக்கு மீன் வேண்டியவன் 'எடு' என்கிறான். பசிபிக் தீவுகளில் இந்த வழக்கு பல இடங்களில் நடந்திருக்கிறது.

ஹவாயில் நாங்கள் தேடிப் போகிற அதே மீனுக்கு உலுவா என்று பெயர். பாறை இனத்திலேயே மிகப் பெரியது, நம் தூண்டில்காரர்கள் ஜி.டி. (ஜயன்ட் டிரெவல்லி) என்று சுருக்கிச் சொல்வது. தூண்டிலில் பிடித்த உலகச் சாதனை மீன் 2006இல் ஜப்பானில் கிடைத்தது, எடை 72 கிலோவுக்கு மேல். ஹவாய்க்காரர்கள் இதன் குஞ்சுக்கு பாபியோ என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு மீனுக்கு வயதுக்கொரு பெயர் வைக்கிற சமூகம் அதை உன்னிப்பாகக் கவனித்த சமூகம் என்பது என் எண்ணம். அவர்களுடைய பழைய ஆட்சியில் கபு என்ற விலக்கு முறை இருந்தது. இன்ன மாதத்தில் இன்ன மீனைத் தொடக்கூடாது, இன்ன இடத்தில் வலை போடக்கூடாது என்று தலைவர்கள் சொன்னால் அதுதான் சட்டம். மீறினால் தண்டனை கடுமையாக இருந்தது. 1819இல் அந்த முறையை மன்னரே முடித்துவைத்தார். ஆனால் அதன் நிழல் இன்னும் இருக்கிறது. நம் காலா மீனுக்கு உறவான மோய் என்ற மீனை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே பிடிக்கக்கூடாது, அது சினைக்காலம். காவாய் தீவில் ஹாயேனா என்ற ஊர்க்காரர்கள் தங்கள் முன்னோர் வழக்கத்தை வைத்தே மீன்பிடி விதிகளை எழுதி, 2015இல் அதை மாநில அரசின் விதியாக்கிவிட்டார்கள்.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், 'பாரம்பரியமாகப் பிடித்துச் சாப்பிடுவது' என்று நாம் சொல்லும்போது பிடிப்பதையும் சாப்பிடுவதையும் மட்டும் வைத்துக்கொண்டு, பிடிக்காமல் இருந்த நாள்களை மறந்துவிடுகிறோம். குக் தீவுகளில் ராஉய் என்று ஒரு வழக்கம் உண்டு. பாரின் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மூடிவிடுவார்கள். ரரோடோங்கா தீவில் நின்றுபோயிருந்த அந்த வழக்கத்தை 1998இல் மறுபடி கொண்டுவந்தார்கள். பலாவ் தீவுகளிலும் ஊர்த் தலைவர்கள் இதே மாதிரி மூடிவைப்பதுண்டு. நம் பக்கம் மட்டும் இல்லையா? உவா நாளில் பரதவர் கடல் வேட்டைக்குப் போகாமல் உண்டும் ஆடியும் இருந்ததைச் சங்கப் பாட்டு சொல்கிறது. இன்றும் கோரமண்டல் கரையில் ஊர்ப் பஞ்சாயத்து கூடி, இந்த வலை வேண்டாம் என்று சொன்னால் ஊரில் அது இறங்காது. கிள்ளை பக்கம் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் இருளர் மக்கள் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, கையால் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். பறி நிறைந்தால் அன்றைய வேலை முடிந்தது. கைக்கு எட்டினதுதான், பறிக்குள் அடங்கினதுதான். அந்தப் பிடிப்பில் அளவு கருவியிலேயே இருக்கிறது.

எங்களிடம் இருப்பது என்ன? கார்பன் ராடு, நூறு பவுண்டு தாங்குகிற தூண்டில் நரம்பு, மீன் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டுகிற கருவி, இரட்டை இன்ஜின். இதை வைத்துக்கொண்டு 'எங்கள் தாத்தா காலத்திலிருந்து பிடித்துச் சாப்பிடுகிறோம்' என்று நான் சொன்னால் அது நேர்மையாக இருக்காது. தாத்தாவின் பசி எனக்கும் இருக்கலாம், அவருடைய கட்டுமரம் என்னிடம் இல்லை.

அப்படியானால் விட்டுவிடுவதுதான் சரி என்று முடித்துவிடலாமா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

உப்பனாறு கடலில் கலக்கிற இடத்தில், கல் கொட்டியிருக்கிற கரையில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல வெயில், நீர் வற்றம். கொடுவா ஒன்று மாட்டியது, எழுபது சென்டிமீட்டருக்குக் குறையாது. மெல்லிய நரம்பு என்பதால் இழுக்காமல் விளையாட்டுக் காட்டி, இருபது நிமிஷம் கழித்துத்தான் கரைக்குக் கொண்டுவந்தேன். மூன்று முள் கொக்கியை மீன் முழுசாக விழுங்கியிருந்தது. செவுளுக்குப் பக்கத்திலிருந்து இடுக்கியால் எடுத்தேன், கொஞ்சம் ரத்தம் வந்தது. கல்லின் மேல் படுக்கவைத்து அளந்தேன், போட்டோ எடுத்தேன். அப்புறம் தண்ணீரில் விட்டேன். வாலை ஒரு அடி அடித்துக்கொண்டு உள்ளே போனது. மனசு நிறைந்து வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் அதே இடத்தில் கற்களுக்கு நடுவே வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தது. செவுளுக்குப் பக்கத்தில் நான் போட்ட காயம் அப்படியே இருந்தது. சாப்பாட்டுக்கும் இல்லை, சந்ததிக்கும் இல்லை. அந்த மீனை நான் மறக்கவில்லை.

நான் செய்த ஒவ்வொன்றும் தப்பு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நீண்ட நேரம் இழுபட்ட மீனின் தசையில் அமிலம் ஏறிவிடும். வெயிலில் சூடான நீரில் பிராணவாயு குறைவு, அதனால் களைப்பு தீர அதிக நேரமாகும். காய்ந்த கையும் சூடான கல்லும் அதன் உடம்பின் வழவழப்பை உரித்துவிடும், அந்த வழவழப்புதான் நோய் அண்டாமல் காக்கிறது. எல்லாவற்றையும்விட முள் எங்கே மாட்டியது என்பதுதான் முக்கியம். உதட்டில் மாட்டிய மீன் பெரும்பாலும் பிழைக்கும். செவுளிலும் குடலிலும் மாட்டியது பெரும்பாலும் பிழைக்காது. விழுங்கிய முள்ளைத் தோண்டி எடுப்பதைவிட நரம்பை ஒட்ட அறுத்துவிடுவது மீனுக்கு நல்லது என்றும் படித்தேன். அன்று இது தெரிந்திருந்தால் ஒருவேளை அந்தக் கொடுவா பிழைத்திருக்கும்.

விட்ட மீனில் எவ்வளவு சாகிறது என்று உலகம் முழுக்கச் செய்த ஆய்வுகளை 2005இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். 274 மதிப்பீடுகள். சராசரியாக நூற்றுக்குப் பதினெட்டு சாகின்றன, நடு மதிப்பு பதினொன்று, அதாவது பாதி மதிப்பீடுகள் அதற்குக் கீழே. சில இடங்களில் ஒன்றுகூடச் சாகவில்லை, சில இடங்களில் தொண்ணூற்றைந்து வரை. இதைப் பார்த்ததும் என் கணக்கு மாறிவிட்டது. விளையாட்டுப் படகில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு நாளில் நாற்பது மீன் பிடித்து நாற்பதையும் விட்டால், பதினொன்று என்று வைத்தாலும் நாலு சாகும், பதினெட்டு என்றால் ஏழு. டிங்கியில் போய்ச் சாப்பாட்டுக்கு நாலு எடுத்துக்கொண்டு தூண்டிலைச் சுருட்டிவிட்டால் சாவது நாலுதான். 'எல்லாவற்றையும் விட்டோம்' என்று சொல்கிற படகு அதிகம் கொன்றிருக்கலாம், 'கறிக்கு எடுத்தோம்' என்கிற படகு குறைவாகக் கொன்றிருக்கலாம். எத்தனை தடவை முள் மாட்டினோம் என்பதுதான் கணக்கின் தலை. நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான், ஆனால் படகு பேசும்போது யாரும் இதைக் கேட்பதில்லை.

பஹாமாஸ் தீவுகளில் நடந்த ஒரு ஆய்வும் கண்ணைத் திறந்தது. அங்கே ஆழமில்லாத மணல் திட்டுகளில் போன்ஃபிஷ் என்ற மீனைப் பிடித்து விடுவதற்காகவே வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். விட்ட மீன் நிலை தடுமாறி ஒருபக்கமாகச் சாய்ந்து நீந்தினால், சுறாவும் சீலாவும் அதைப் பிடித்துத் தின்கிற வாய்ப்பு ஆறு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று கண்டார்கள். அதாவது நாம் விடும்போது மீன் உயிரோடுதான் போகிறது, நாம் திரும்பிய பிறகுதான் அதன் கதை முடிகிறது. அந்தமானிலும் சுறாவுக்குக் குறைவில்லை.

இனி, எந்த வகைத் தூண்டில் என்பது. எங்கள் குழுவில் இதைப் பற்றி யாரும் பேசவே இல்லை, படகைவிட இது பெரிய விஷயம். பாப்பர் என்பது நீர் மேலே துள்ளுகிற கட்டை மீன். பாறை மீன் மேலே ஏறி வந்து அடிக்கும். பெரும்பாலும் உதட்டிலோ தாடை ஓரத்திலோ மாட்டும். கனமான ராடு என்பதால் சில நிமிஷத்தில் இழுத்துவிடலாம். பாறை உறுதியான மீனும்கூட. சரியாகக் கையாண்டால் நன்றாகப் பிழைக்கும். ஜிக் என்பது ஈயத் துண்டை அறுபது, எண்பது மீட்டர் ஆழத்துக்கு இறக்கி ஏற்றுவது. அதில் களவாவும் செப்பிலியும் வரும். அந்த ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுத்தால் அழுத்தம் குறைந்து உள்ளே இருக்கிற காற்றுப்பை ஊதிவிடும். வயிறு வாய் வழியே பிதுங்கும், கண் துருத்திக்கொள்ளும். அப்படி வந்த களவாவை 'விட்டுவிட்டோம்' என்று சொல்வது பேச்சுக்குத்தான், அது தானாகக் கீழே இறங்க முடியாமல் மேலேயே மிதக்கும். எடை கட்டி மறுபடி ஆழத்துக்கு இறக்கிவிடுகிற கருவிகள் இருக்கின்றன, சில நாடுகளில் அவை படகில் இருந்தே ஆக வேண்டும். நாங்கள் பேசிய படகில் இல்லை. அதனால் ஆழத்தில் ஜிக் போடுவது என்றால் வருவதைச் சாப்பிட வேண்டும், போதுமானதும் நிறுத்த வேண்டும். விடுகிற எண்ணத்தோடு ஜிக் போடுவதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை.

எந்த மீன் என்பதும் அதே அளவு முக்கியம், மாமாவோடு இரண்டு மணி நேரம் பேசியதும் இதைப் பற்றித்தான். கொடுவா பிறக்கும்போது ஆண். சில வருஷம் ஆணாக இருந்து, எண்பது சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த பிறகுதான் பெண்ணாகிறது. ஆக, நாம் 'ஆஹா' என்று தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுக்கிற பெரிய கொடுவா எல்லாமே கிட்டத்தட்டத் தாய் மீன்கள். அதனால்தான் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் கீழேயும் எடுக்கக்கூடாது, 120க்கு மேலேயும் எடுக்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். களவா இதற்கு நேர்மாறு. பெண்ணாகப் பிறந்து பெரிதான பிறகு ஆணாகிறது. பெரியதை எல்லாம் எடுத்துவிட்டால் ஆணே இல்லாமல் போகும். மாமாவுக்கு இந்த விஷயம் புதிது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அதான் பெருங்கொடுவாவுல எப்பவும் சினையே இருக்கு, பால் இருக்கறத நான் பாத்ததே இல்ல" என்றார். பால் என்பது ஆண் மீனின் விந்து. ஐம்பது வருஷம் மீன் அறுத்த கைக்கு அந்தத் தகவல் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, காரணம்தான் இப்போது கிடைத்தது.

சூரை வேறு கதை. ஒன்றிரண்டு வருஷத்திலேயே சினைப்பிடிக்கும், வெப்பக் கடலில் அடிக்கடி முட்டையிடும். லட்சத்தீவில், குறிப்பாக மினிக்காயில், தலைமுறை தலைமுறையாகக் கழியும் தூண்டிலும் வைத்துச் சூரை பிடிக்கிறார்கள். உயிர் இரையைத் தூவிக் கூட்டத்தைப் படகருகே வரவழைத்து, எதிர்க்கூர் (மீன் கழன்றுவிடாமல் பின்னோக்கி நிற்கிற கூர்) இல்லாத முள்ளால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார்கள். ஒரு கழிக்கு ஒரு மீன். ஆமையும் சுறாவும் தப்பி மாட்டுவது மிகக் குறைவு. அந்தச் சூரையை வேகவைத்துப் புகையில் உலர்த்தினால் மாசி. தீவு வாழ்க்கையில் பிடித்துச் சாப்பிடுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அங்கே போய் 'சூரையை விட்டுவிடுங்கள்' என்று சொன்னால் அதில் அர்த்தம் இருக்காது.

பாறை இந்த இரண்டுக்கும் நடுவில். ஹவாயில் ஆராய்ந்தபோது ஏறத்தாழ 60 சென்டிமீட்டரில், மூன்று நான்கு வயதில்தான் அது சினைப்பருவத்துக்கு வருகிறது என்று கண்டார்கள். அதற்குக் கீழே எடுத்தால் குஞ்சை எடுக்கிறோம், மிகப் பெரியதை எடுத்தால் அதிகம் முட்டையிடுகிறதை எடுக்கிறோம். பெரிய மீனைச் சாப்பிடாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. பவளப்பாரில் வாழும் ஒரு நுண்பாசியின் நச்சு, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி ஏறிச் சேர்கிறது. சிகுவடேரா என்று பெயர். பெரிய பாறை, சீலா, செப்பிலி, களவா இவற்றில் அதிகம் சேரும். வேகவைத்தாலும் பொரித்தாலும் போகாது, நாக்கில் தெரியாது, மணத்திலும் தெரியாது. வாந்தி பேதியோடு கை கால் மரத்துப்போகும், குளிர்ந்தது சுடுவது மாதிரி தோன்றும். பசிபிக் தீவுகளில் பெரிய பாறையைச் சாப்பிட யோசிப்பது இதனால்தான். அந்த நச்சு எந்தப் பாரில் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது என்பதால், பத்துக் கிலோ பாறையைச் சமைத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

மாமா கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. விடுவதற்கு எதுக்குப் பிடிக்க வேண்டும்? இதை நம் கரைக்கு மட்டும் பொருந்துகிற பேச்சு என்று என் நண்பர் தள்ளிவிட்டார். ஆனால் ஜெர்மனியில் சட்டமே ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது. தக்க காரணமில்லாமல் ஒரு விலங்குக்கு வலி தரக்கூடாது, சாப்பிடுவது தக்க காரணம், பிடித்து விடுவதற்காகவே பிடிப்பது அப்படியில்லை. சுவிட்சர்லாந்திலும் விடுகிற எண்ணத்தோடு மீன்பிடிக்க அனுமதியில்லை. மீனுக்கு வலி தெரியுமா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள், ஆனால் 2003இல் பிரிட்டனில் டிரவுட் மீனின் முகத்தில் வலியை உணர்கிற நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டிவிட்டார்கள். சோனாங்குப்பத்துத் திண்ணையில் சொன்னதும் பெர்லினில் எழுதியதும் ஒன்றாக இருக்கிறது. அதனால் அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. விடுவதற்காக நான் மீன் பிடிக்கிறேன் என்றால் என் சந்தோஷத்துக்காக அதற்கு வலி தருகிறேன், அதை மறைக்க முடியாது. அந்த வலியைக் குறைக்க என்னால் ஆனதை எல்லாம் செய்ய வேண்டும், எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும்.

மறுபக்கம், விடுவதால் தீவுக்காரர்களுக்கு வருமானம் வருகிறது என்ற வாதம். இதில் உண்மை இருக்கிறது. குக் தீவுகளின் ஐடுடாகியில் போன்ஃபிஷை வலை போட்டுப் பிடித்தவர்களே வழிகாட்டிகளாக மாறி, அதே மீனை உயிரோடு விட்டுச் சம்பாதிக்கிறார்கள். சந்தையில் ஒரு தடவை விலைபோகிற மீன், நீரில் இருந்தால் பல தடவை கூலி தருகிறது. ஆனால் அந்தக் கூலி யாருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். படகு, கைடு, தங்குமிடம் எல்லாம் வெளியூர்க்காரனுடையது என்றால் ஊருக்கு மிஞ்சுவது என்ன? உள்ளூர்க்காரனிடம் 'உன் பாரில் நீ வலை போடாதே, நாங்கள் விளையாட வேண்டும்' என்று சொல்லிவிட்டு அவனுக்கு ஒரு வேலையும் தராவிட்டால் அது அநியாயம். நம் கரையிலேயே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கட்டிவைக்கிறோம், அந்த நாள்களில் எத்தனை வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்பது முதுநகரில் இருக்கிற எனக்குத் தெரியும். ஒருவனைப் பிடிக்காதே என்று சொல்வது சின்ன விஷயமில்லை.

சரி, முடிவு. டிங்கிக்குத்தான் முன்பணம் அனுப்பியிருக்கிறேன், கூலி ஊர்க்காரருக்கே போகும் என்பதால். ஆனால் 'பிடித்ததெல்லாம் எடுப்போம்' என்ற பேச்சை அவர்களிடம் மாற்றிப் பேசிவிட்டேன். அந்தமானின் வாந்தூரை ஒட்டிய கடல் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் தூண்டில் இறங்காது, அது சட்டம். காலையில் பாப்பர் மட்டும், பாறைக்கு. மூன்று முள் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றை முள், அதிலும் எதிர்க்கூரை நசுக்கியது. மாட்டிய பாறையைப் படகில் ஏற்றாமல், நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விடுவோம். அது தன் பலத்தில் வால் அடிக்கும் வரை கையில் பிடித்திருப்போம். போட்டோ வேண்டுமென்றால் எடுப்பவர் முதலில் தயாராக இருக்க வேண்டும், மீன் வெளியே இருப்பது நாம் மூச்சடக்குகிற நேரத்துக்குள். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்துப் பாறை, பத்தோடு பாப்பர் பெட்டிக்குள் போய்விடும். ரத்தம் கொட்டுகிற பாறை, சாய்ந்து நீந்துகிற பாறை, எந்த அளவாக இருந்தாலும் விடுவதில்லை, அதுவும் பத்தில் ஒன்று. பெரியதாக இருந்தால் அதைச் சமைக்கவும் மாட்டோம், அந்த வருத்தத்தோடு அன்றைக்கு எல்லோரும் தூண்டிலைச் சுருட்டிவிடுவோம் என்று பேசியிருக்கிறோம். இது எல்லோருக்கும் பிடிக்கவில்லை, ஆனால் ஒத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்குச் சூரையும் வஞ்சிரமும். படகு ஓடும்போது பின்னால் இழுக்கிற தூண்டிலில் கிடைப்பது போதும். ஆளுக்கு ஒன்று, டிங்கிக் குடும்பத்துக்கு இரண்டு. பிடித்ததும் தலையில் அடித்து உடனே கொன்று, செவுளை அறுத்து ரத்தம் வடித்து ஐஸில் வைக்க வேண்டும். அது மீனுக்கும் இரக்கம், கறிக்கும் ருசி. ஆழத்து ஜிக் இந்தத் தடவை கிடையாது. எங்கள் ஐந்து பேரில் களவா ஆசை அதிகம் உள்ளவர் இதற்குத்தான் ரொம்ப நேரம் சண்டை போட்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

உப்பனாற்றுக் கரையிலும் இதே கணக்கைத்தான் இப்போது வைத்திருக்கிறேன். எண்பதுக்கு மேல் கொடுவா மாட்டினால் அது நீரை விட்டு வெளியே வராது. அறுபதை ஒட்டி ஒன்று கிடைத்தால் வீட்டுக்கு, அதோடு அன்றைய தூண்டில் முடிந்தது. வெயில் ஏறிய வற்றத்தில் போடுவதை நிறுத்திவிட்டேன். மெல்லிய நரம்பைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இடுக்கியால் முள்ளின் எதிர்க்கூரை ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டிருந்தேன். மாமா வந்து பார்த்தார். ஒரு முள்ளை எடுத்துக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தார். "இதுல மாட்டுனா நரம்பு தொய்யக்கூடாது, தொய்ஞ்சா கழண்டுடும். கைய எறக்காம இழுங்க" என்றார். பத்தோடு நிறுத்துவதைச் சொன்னேன். "நிறுத்திட்டு சும்மாவா ஒக்காந்திருப்பீங்க?" என்று கேட்டார். பின்னால் இழுக்கிற தூண்டிலைப் பற்றிச் சொன்னதும், சூரை அதிகம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றார். அதிகம் எடுக்கமாட்டோம் என்றேன். "எடுத்த வரைக்கும் பாழாவக் கூடாதில்ல. அங்கயே முதுகப் பொளந்து உப்பு வெச்சுக் காயப் போடுங்க. எனக்கு ரெண்டு துண்டு கருவாடு கொண்டாங்க" என்றார். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு கிலோ கல்லுப்பும் எடுத்து வைத்திருக்கிறேன்.